நீரை வடித்தால் நிலம் நிற்கும்

நிலச்சரிவுக்கு மழையே காரணம் எனப் பொதுவாகக் கூறுவர். மேலே பெய்யும் மழையினும் உள்ளே தேங்கும் நீரே பெரும்பகை என்பதனை அவுஸ்திரேலியாவின் விக்ரோறியா மாநிலத்துச் சுரங்கங்கள் இரண்டின் வரலாறு தெளிவுறுத்தும்.

அங்குள்ள லற்றோப் பள்ளத்தாக்கிலே பழுப்பு நிலக்கரி திறந்த குழிகளில் அகழப்பட்டு வந்தது. இக்கரி நீரினும் சிறிதளவே பாரமானது. களிமண் படையின்மேற் கிடப்பது. குழிச்சுவரின் பின்னுள்ள வெடிப்பில் நீர் நிறையுமாயின், அதன் அமுக்கம் பெருங்கரித்திணிவையே குழியை நோக்கித் தள்ளிவிடும். 2007 நவம்பரில் யலோர்ன் சுரங்கச் சுவர் இவ்வாறே சரிந்தது. லற்றோப் ஆறு குழிக்குட் பாய்ந்தது. அறிகுறிகள் முன்னரே தென்பட்டும் அவற்றின் பொருள் உணரப்படவில்லை.

2011 பெப்ருவரியில், கனமழையின் பின், அயலிலுள்ள ஹேசல்வூட் சுரங்கத்தின் வடசுவர் நகரலாயிற்று. சுரங்கத்துக்கும் மோர்வெல் நகருக்கும் இடையே செல்லும் பிரின்சஸ் நெடுஞ்சாலையில் வெடிப்புகள் தோன்றின. இம்முறை எச்சரிக்கை வீணாகவில்லை. சாலை உடனே மூடப்பட்டது. பொறியியலாளர் சுவரினுட் கிடையாகத் துளைகளிட்டு, தேங்கிய நீரை வெளியேற்றினர். அமுக்கம் தணியவே நகர்வும் தணிந்தது. செப்டெம்பரில் சாலை மீண்டும் திறக்கப்பட்டது.

2017 மார்ச்சில் அச்சுரங்கத்தில் அகழ்வு முடிவுற்றது. ஆயினும் நிலத்தடி நீரை இறைக்கும் பணி அத்துடன் முடிந்துவிடவில்லை. மண்ணைத் தோண்டியவன், கரி எடுத்து முடித்த பின்னரும் அந்நிலத்துக்குக் கடன்பட்டவனாகவே இருக்கிறான்; அக்கடன் தீரும்வரை, குழியின் விளிம்பில் வாழும் நகருக்கு உறுதியான நிலமில்லை.