ஒளிந்திருப்பவள்: ஒரு காட்டுப் பூவும் ஒரு கடிதமும்

(இணையவழி இலக்கிய உரைத்தொடரில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

இலக்கியக் கூட்டத்தில் ஒரு பூவைப் பற்றிய வரலாற்றுக்கு என்ன வேலை என்று சிலர் நினைக்கக்கூடும். நான் பேசப்போவது அந்தப் பூவைக் கண்ட ஒருவர் எழுதிய கடிதத்தைப் பற்றியும்தான். அந்தக் கடிதத்தின் பகுதிகள் 1866 டிசம்பர் 21 அன்று 'பொஸ்டன் ரெக்கோர்டர்' என்ற சமய வார இதழில் வெளிவந்தன. தலைப்பில் இருந்தது ஒரு பூவின் பெயர்: கலிப்சோ போரியாலிஸ். எழுதியவர் ஜோன் மியூர். பிற்காலத்தில் அமெரிக்கத் தேசியப் பூங்காக்களின் தந்தை என்று பலர் அழைத்த அதே மியூர். அவருடைய எழுத்து முதன்முதலாக அச்சேறியது அன்றுதான்.

அவர் அந்தப் பூவைக் கண்டது கலிபோர்னியாவில் அல்ல. நாங்கள் வாழும் இந்த ஒன்ராறியோவின் சதுப்புக் காடு ஒன்றில்.

மியூர் 1838இல் ஸ்கொட்லாந்தின் டன்பார் என்ற கடலோர ஊரில் பிறந்தார். பதினொரு வயதில், 1849இல், தகப்பனோடு அமெரிக்காவின் விஸ்கொன்சினுக்குக் குடிபெயர்ந்தார். தகப்பன் கடும் சமயப் பற்றாளர். பையனை வயலில் மாடாக உழைக்கவிட்டு, விவிலியத்தின் பெரும்பகுதியை மனப்பாடம் செய்யவும் வைத்தார். அடிக்குப் பயந்து படித்த அந்த விவிலியம் மியூரின் உரைநடையில் கடைசிவரை ஒலித்தது. பின்னர் மடிசன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே உடன் படித்த ஒரு மாணவர் மரத்துப் பூவொன்றைப் பறித்துக் காட்டி, இது பட்டாணிச் செடியின் உறவு என்று விளக்கினாராம். அன்றிலிருந்து செடிகளைத் தேடி அலைவதே மியூருக்கு வாழ்க்கையாகிவிட்டது.

அது அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலம். 1864 தொடக்கத்தில் ஆபிரகாம் லிங்கன் மேலும் ஐந்து இலட்சம் பேரைப் படைக்குத் திரட்ட ஆணையிட்டார். மியூரின் தம்பி டானியல் ஏற்கெனவே கனடாவுக்குப் போயிருந்தார். அந்த ஆண்டின் வசந்தம் பிறக்கும் முன்னரே மியூரும் எல்லையைத் தாண்டினார். கட்டாய ஆட்சேர்ப்புக்குத் தப்பத்தான் போனார் என்று சில வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள். செடி தேடித்தான் போனார் என்கிறார்கள் வேறு சிலர். இரண்டும் ஒரே மனிதருக்குள் இருந்திருக்கலாம் என்பது என் எண்ணம். ஆட்பிடிப்புக்குப் பயந்து பிள்ளையை இரவோடிரவாக வெளியே அனுப்பிய வீடுகளை அறிந்தவர்கள் இந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள். அவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. புறப்படுகிறவனிடம் ஏன் போகிறாய் என்று கேட்டால் அவன் சொல்லும் காரணம் ஒன்றாகவும், சொல்லாத காரணம் பலவாகவும் இருக்கும்.

அவருக்கு அப்போது இருபத்தாறு வயது. அந்த வசந்தமும் கோடையும் தனியாக நடந்தார். பையில் கொஞ்சம் ரொட்டி, செடிகளைப் பதப்படுத்த ஒரு கருவி. கையில் காசு குறையும்போது பண்ணைகளில் வேலை. அன்றைய ஒன்ராறியோவில் வழியே இல்லாத சதுப்புக் காடுகள் பரந்து கிடந்தன. தமராக்கும் வெள்ளைச் சீடரும் நெருங்கி வளர்ந்து, விழுந்த மரங்கள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்து, காலடியில் தண்ணீர் தேங்கிய காடுகள். அப்படி ஒரு காட்டுக்குள் ஒருநாள் முழுவதும் திசைகாட்டியை நம்பி நடந்தார். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. பசி, களைப்பு, இரவுக்குள் வெளியேற முடியுமா என்ற கலக்கம். அப்போது ஓர் ஓடைக்கரையில், பாசி மெத்தையின் மேல், தனித்து நின்ற அந்தப் பூவைக் கண்டார்.

அதன் பக்கத்தில் உட்கார்ந்து மகிழ்ச்சியில் அழுததாக எழுதுகிறார். அவ்வளவு தூய்மையான உயிரொன்றைத் தான் அதுவரை கண்டதில்லை என்கிறார். பூ வெண்மையாக இருந்தது என்பது அவர் நினைவு. கலிப்சோ வழக்கமாக இளஞ்சிவப்பு. வெள்ளைப் பூ அரிதாகவே வரும். எழுந்து நடந்தபோது பசியும் களைப்பும் போயிருந்தனவாம்.

ஒரு சிறு பூவுக்காக வளர்ந்த மனிதன் அழுவானா? இதற்குப் பதில் தேட, முதலில் அந்தச் செடியைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கலிப்சோ ஓர் ஓர்க்கிட். கடைகளில் தொட்டியில் விற்கும் பெரிய ஓர்க்கிட்டுகளை நினைக்க வேண்டாம். இது ஒரு சாணுக்கும் குறைவான உயரம். ஒரு கிழங்கு, ஒரே ஓர் இலை, ஒரே ஒரு பூ. பேரினத்தில் இது ஒன்றே ஒன்றுதான் இனம். கனடா, அமெரிக்கா, பின்லாந்து, சுவீடன், ரஷ்யா, ஜப்பான் என்று வடபுலத்தைச் சுற்றி, குளிர்ந்த ஊசியிலைக் காடுகளின் நிழலில் வளர்கிறது.

அதன் வாழ்க்கை மற்றச் செடிகளுக்குத் தலைகீழ். மற்றவை இலை உதிர்க்கும் இலையுதிர்காலத்தில் இது தன் ஒற்றை இலையை விடுகிறது. அந்த இலை பனிக்கடியில் பச்சையாகவே கிடக்கிறது. பனி உருகி, மேலே நிழல் அடர்வதற்குள், மே, ஜூன் மாதங்களில் பூக்கிறது. பூ முடிந்ததும் இலையும் வாடிவிடும். கோடையில் போய்த் தேடினால் நிலத்துக்கு மேலே ஒன்றும் இருக்காது.

பூவில் தேன் கிடையாது. ஆனால் இருப்பதுபோல் காட்டும். செருப்பு வடிவ உதட்டின் மேல், மகரந்தம் போலத் தோன்றும் மஞ்சள் மயிர்கள். குளிர் உறக்கம் கலைந்து புதிதாக வெளிவந்த இராணி வண்டுத்தேனீ, உலகம் தெரியாமல் உள்ளே நுழைந்து ஏமாறுகிறது. வெளியேறும்போது முதுகில் மகரந்தக் கட்டி ஒட்டிக்கொள்கிறது. அடுத்த பூவிலும் ஒருமுறை ஏமாந்தால் போதும், செடியின் காரியம் முடிந்தது. தேனீ விரைவில் பாடம் படித்துவிடும். ஆகவே அது பாடம் படிப்பதற்கு முந்திய சில நாட்களை நம்பித்தான் இந்தச் செடியின் சந்ததி இருக்கிறது.

விதையோ தூசி. முளைக்கத் தேவையான உணவு அதற்குள் இல்லை. மண்ணில் உள்ள ஒருவகைப் பூஞ்சை ஊட்டினால்தான் முளைக்கும். அதனால்தான் கலிப்சோவைத் தோண்டி வீட்டுத் தோட்டத்தில் நட்டால் அநேகமாகச் செத்துவிடுகிறது. வேர்கள் மெல்லியவை, மேலாகவே ஓடுபவை. பூவைப் பறிக்கும் இழுப்பே கிழங்கைப் பெயர்த்துவிடும்.

இப்போது பெயருக்கு வருவோம். லின்னேயஸ் 1753இல் இதற்கு வேறு பேரினப் பெயர் வைத்திருந்தார். கலிப்சோ என்ற பெயரைத் தந்தவர் ஆங்கிலத் தாவரவியலர் ரிச்சர்ட் சோல்ஸ்பரி. கிரேக்க மொழியில் மறைப்பது, ஒளிப்பது என்ற பொருளுள்ள சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. போரியாலிஸ் என்றால் வடக்கைச் சேர்ந்தது. வடக்கில் ஒளிந்திருப்பவள் என்று மியூரே இதற்குப் பொருள் சொல்கிறார். பின்லாந்து மக்கள் கன்னியின் செருப்பு என்கிறார்கள். சுவீடன் மொழியில் நோர்னா. பழைய வடபுலக் கதைகளில் மனிதரின் விதியை வகுக்கும் பெண்கள் நோர்ன்கள்.

ஹோமரின் ஒடிசி படித்தவர்களுக்குக் கலிப்சோவைத் தெரியும். போர் முடிந்து வீடு திரும்ப முடியாமல் அலையும் ஒடிசியஸை ஏழு ஆண்டுகள் தன் தீவில் வைத்திருந்தவள். சாகாவரம் தருகிறேன் என்றாள். அவனோ ஒவ்வொரு நாளும் கடற்கரையில் உட்கார்ந்து ஊரை நினைத்து அழுதான். புலம்பெயர்ந்தவர்களின் ஆதிக் கண்ணீர் என்று அதைச் சொல்லலாம். எனக்கு வியப்பாக இருப்பது இதுதான்: அதே பெயர் கொண்ட பூவின் பக்கத்தில், போரிலிருந்து விலகி வந்த இன்னொருவர் உட்கார்ந்து அழுகிறார். ஆனால் ஊரை நினைத்து அல்ல. தன்னை யாருக்கும் தெரியாத நாட்டில், தன் கண்முன்னால் இருந்த ஒன்றுக்காக அழுகிறார். நாங்கள் முதல்வகைக் கண்ணீரை நிறைய எழுதிவிட்டோம். இரண்டாவது வகை எங்கள் எழுத்தில் குறைவு.

அந்தக் கோடைக்குப் பிறகு மியூர் ஜோர்ஜியன் விரிகுடாவை ஒட்டிய மீஃபோர்ட்டில் ஒரு மர ஆலையில் வேலைக்குச் சேர்ந்தார். ஆப்பிள் பறிக்கப் பிள்ளைகளோடு நாங்கள் போகும் அதே மீஃபோர்ட்தான். விளக்குமாற்றுப் பிடிகளும் புல்வாரிகளும் செய்யும் ஆலை. 1866இல் ஆலை தீப்பிடித்து எரிந்தது. அவர் அமெரிக்காவுக்குத் திரும்பினார்.

கலிப்சோவைப் பற்றி அவர் எழுதியது ஜீன் கார் என்ற பெண்மணிக்கு. மடிசனில் மியூருக்குப் பாடம் நடத்திய பேராசிரியர் ஒருவரின் மனைவி, தாவரங்களை நன்கு அறிந்தவர். அச்சுக்கென்று எழுதிய கடிதமல்ல அது. பேராசிரியர் ஜேம்ஸ் பட்லரின் கைக்குப் போய், அவர் வழியாகப் பத்திரிகையை அடைந்தது. பின்னாளில் மியூரை எழுது எழுது என்று தூண்டியவரும், எமர்சன் யோசெமிட்டிக்கு வந்தபோது இருவரும் சந்திக்க வழிசெய்தவரும், அவருடைய வருங்கால மனைவியை அறிமுகம் செய்தவரும் ஜீன் கார்தான். எழுத்தாளரைப் பற்றிப் பேசும் நாம் அவருடைய முதல் வாசகரைப் பற்றிப் பேசுவதில்லை. அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு அவர் பேசாமல் மேசை அறைக்குள் வைத்திருந்தால் அது அங்கேயே கிடந்திருக்கும்.

கடிதத்தில் இன்னொரு விஷயம் உண்டு. ஆதாம் ஏவாளுக்குக் கிடைத்த சாபத்தில், நிலம் முள்ளையும் முட்செடியையும் முளைப்பிக்கும் என்று விவிலியம் சொல்கிறது. மியூர் இதைக் கேள்வி கேட்கிறார். செடி எப்படிச் சாபமாகும்? ஒரே ஒரு களை இல்லாமல் போனாலும் உலகத்துக்கு இழப்பல்லவா? சாபம் இருந்தால் அது நமக்குள்தான் இருக்க வேண்டும் என்கிறார். தகப்பன் அடித்துப் படிப்பித்த வேதத்தோடு மகன் மோதுவதை இங்கே காண்கிறேன். யாரும் பார்க்காத சதுப்பில், யாருக்கும் பயன்படாமல் பூத்து நின்ற ஒன்று அவரை அந்த இடத்துக்குக் கொண்டுவந்தது. யோசெமிட்டி 1890இல் தேசியப் பூங்காவானதற்கும், 1892இல் சியரா கிளப் தொடங்கியதற்கும் பின்னால் இந்தக் கேள்வி இருக்கிறது.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். ஒன்ராறியோவின் அந்தக் காடுகள் அனிஷினாபே போன்ற முதற்குடி மக்களின் நிலம். எந்தக் களையையும் வெறுக்காத மியூர், மனிதரிடத்தில் அப்படி இருக்கவில்லை. பழங்குடி மக்களையும் கறுப்பினத்தவரையும் இழிவாக எழுதியிருக்கிறார். 2020இல் சியரா கிளப்பே இதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. யாருமில்லாத காடு என்று ஒருவர் எழுதும்போது, அங்கிருந்து அகற்றப்பட்டவர்கள் யார் என்று கேட்க வேண்டியவர்கள் நாங்கள். நிலம் இழந்தவர்களுக்கு அந்தக் கேள்வி இயல்பாக வரவேண்டும்.

தன் வாழ்வின் பெரிய தருணங்கள் இரண்டு என்று மியூர் சொன்னதுண்டு. ஒன்று 1871இல் எமர்சனைச் சந்தித்தது, மற்றது கலிப்சோவைக் கண்டது. எமர்சன் உலகம் அறிந்த சிந்தனையாளர். பக்கத்துத் தட்டில் ஒரு சாண் செடி.

அவர் வளர்ந்த விஸ்கொன்சினில் இன்று கலிப்சோ சட்டப் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிறது. மரம் வெட்டுவது, சதுப்பை வடிப்பது, தோண்டி எடுப்பது, காலால் மிதிப்பது என்று காரணங்கள் பல. ஒன்ராறியோவில் புரூஸ் குடாநாட்டின் காடுகளில் இன்னும் பூக்கிறது. கோடை விடுமுறையில் போனால் காண முடியாது. மே மாதக் கடைசியில், கொசு கிளம்பும் காலத்தில் போக வேண்டும். படம் எடுக்கப் பாதையை விட்டு இறங்காதீர்கள், பாசிக்கடியில் அடுத்த ஆண்டுக்கான கிழங்கு இருக்கலாம். குனிந்து பாருங்கள். வீட்டுக்கு வந்து யாருக்காவது ஒரு கடிதம் எழுதுங்கள்.