ஹேசாப் ஆய்வு

வேதி ஆலைகளில் விபத்துக்கு வழிவிடும் கோளாறுகளை முன்கூட்டியே தேடும் முறை. 1960-களில் பிரிட்டனின் ஐ.சி.ஐ. நிறுவனத்தில் உருவானது, டிரெவர் கிளெட்ஸ் இதைப் பரவலாக்கினார். வடிவமைப்பாளர், ஆலையை இயக்குபவர், பராமரிப்பவர் ஆகியோர் ஒன்றாக அமர்ந்து குழாய் வரைபடத்தைப் பகுதி பகுதியாக எடுப்பர். ஓட்டம் இல்லை, அழுத்தம் அதிகம், வெப்பம் அதிகம் என ஒவ்வொரு பிறழ்வுக்கும் காரணம், விளைவு, தடுப்பு மூன்றும் பதிவாகும். அலுப்பூட்டும் வேலைதான், அவசரப்பட்டால் வெறும் காகிதமாகிவிடும்.

'வெப்பம் அதிகம்' என்ற கேள்வியின் கனத்தை விசாகப்பட்டினத்தின் எல்.ஜி. பாலிமர்ஸ் ஆலை காட்டியது. 2020 மே 7 அதிகாலை, கொரோனா ஊரடங்கில் தேங்கிக் கிடந்த ஸ்டைரீன் என்ற வேதித்திரவம், எம்-6 தொட்டியில் தானே பலபடியாகிச் சூடேறி ஆவியாக வெளியேறியது; 12 பேர் இறந்தனர். தொட்டியின் அடிப்பகுதியில் மட்டுமே வெப்பம் அளக்கப்பட்டதால் மேலே ஏறிய சூடு தெரியவில்லை. வினையை அடக்கும் டி.பி.சி. வேதிப்பொருளும் போதவில்லை. அபாயச் சங்கு ஒலிக்கவே இல்லை.

இந்தியாவில், போபால் நச்சுவாயு விபத்துக்குப் (1984) பின், 1987-இல் தொழிற்சாலைகள் சட்டம் திருத்தப்பட்டது. 1989-இல் வந்த அபாயகர இரசாயன விதிகள், பெரிய ஆலைகளிடம் பாதுகாப்பு அறிக்கையும் நெருக்கடிக்காலத் திட்டமும் கோருகின்றன.