தமிழ்நாட்டில் அலைச்சறுக்கு

தமிழ்நாட்டில் அலைச்சறுக்கு என்பது, தமிழ்நாட்டின் வங்காள விரிகுடாக் கரையில் உடைந்து கரை சேரும் அலைகளின் மீது பலகை கொண்டு சறுக்கிச் செல்லும் விளையாட்டையும், அதில் ஈடுபடும் சமூகத்தையும் குறிக்கும். சென்னைக்குத் தெற்கே உள்ள கோவளம், மாமல்லபுரம் ஆகிய ஊர்களும், புதுச்சேரியை ஒட்டிய கடற்கரையும் இதன் முதன்மை மையங்கள் ஆகும். தற்காலப் பலகைகளைக் கொண்டு ஆடப்படும் இவ்விளையாட்டு இக்கரையில் 2000களில்தான் வேரூன்றியது. ஆயினும், மிதவை ஒன்றில் முழந்தாளிட்டு அமர்ந்து அலையுடன் கரை சேரும் திறன், கட்டுமரம் செலுத்திய மீனவரிடையே நெடுங்காலமாக இருந்து வந்துள்ளது. இன்று இக்கரையின் முன்னணி அலைச்சறுக்கு வீரர்கள் பலர் மீனவக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள் என்பது குறிப்பிடத்தக்கது.

பெயரும் வகைகளும்

இவ்விளையாட்டு அலைச்சறுக்கு, அலையாடல் ஆகிய பெயர்களால் அழைக்கப்படுகிறது. பேச்சு வழக்கில் சர்ஃபிங் என்ற சொல்லே பெரிதும் பயன்படுகிறது. ஆடுபவரின் உடல்நிலையைக் கொண்டு இது மூன்றாகப் பகுக்கப்படுகிறது.

- நின்று சறுக்குதல்: பரவலாக அறியப்பட்ட வகை. ஒலிம்பிக் போட்டியில் இடம்பெறுவதும் இதுவே.
- முழந்தாளிட்டுச் சறுக்குதல்: குட்டையான, அகன்ற பலகையின் மீது முழங்கால்களை ஊன்றிச் சறுக்குதல். அலையைப் பிடிக்கத் தேவையான விரைவைப் பெறக் காலில் நீந்து துடுப்புகள் அணிவது வழக்கம்.
- படுத்துச் சறுக்குதல்: மார்பையும் வயிற்றையும் பலகையில் பதித்துச் சறுக்குதல். பழைய அவாய் மக்களின் பைப்போ பலகை இவ்வகையைச் சேர்ந்தது.

வரலாறு

கட்டுமரக் காலம்

சோழமண்டலக் கரையில் இயற்கைத் துறைமுகங்கள் மிகக் குறைவு. மணற்பாங்கான திறந்த கரையில் அலைகள் நேரடியாக வந்து உடைகின்றன. இத்தகைய கரையில், உடையும் அலைகளைக் கடந்து கடலுக்குச் செல்வதும் மீண்டும் அவற்றைக் கடந்து கரை ஏறுவதுமே மீன்பிடித் தொழிலின் முதல் இடர் ஆகும். கட்டுமரம் இந்த இடருக்கு ஏற்ப உருவானது. எடை குறைந்த மரத்துண்டுகள் சிலவற்றை அருகருகே வைத்துக் கயிற்றால் பிணைத்து இது அமைக்கப்பட்டது. உட்குழிவு இல்லாமையால் அதில் நீர் தேங்குவதில்லை. மேலே ஏறும் நீர் மரங்களின் இடைவெளி வழியே வடிந்துவிடும். அலையில் கவிழ்ந்தாலும் மூழ்காது; நிமிர்த்தி மீண்டும் ஏறிக்கொள்ளலாம். கரை சேர்ந்தபின் கட்டை அவிழ்த்து, ஊறிய மரங்களை வெயிலில் உலர்த்துவர்.

கட்டுமரம் செலுத்துவோர் முழந்தாளிட்டு, குதிகால்களின் மீது அமர்ந்து துடுப்பு வலிப்பது வழக்கம். இந்நிலையில் உடலின் எடை தாழ்ந்து நிற்பதால் மிதவை எளிதில் புரளாது. தேவைப்படும்போது உடனே எழவும் இயலும். கரை திரும்பும்போது, பெரிய அலைகளின் தொடர் ஒன்று கடக்கும் வரை வெளியே காத்திருந்து, பின்னர் தகுந்த அலை ஒன்றைத் தேர்ந்து அதன் உந்துதலோடு உள்ளே வருவர். அலையைத் தேர்தல், அதன் விரைவுக்கு ஈடாகத் துடுப்பு வலித்தல், மிதவையை நேராக நிறுத்துதல் ஆகிய மூன்றும் அலைச்சறுக்கின் அடிப்படைத் திறன்களே ஆகும். எனினும் கட்டுமரத்தில் இது தொழிலின் ஒரு பகுதியாகவே இருந்தது. அவாய் தீவுகளில் இருந்தது போன்ற தனி விளையாட்டாக வளர்ச்சி பெறவில்லை.

ஆங்கிலேயக் கடலோடி வில்லியம் டாம்பியர் 1697இல் வெளியிட்ட தமது பயண நூலில் கட்டுமரத்தைக் குறிப்பிட்டுள்ளார். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துறைமுகம் கட்டப்படும் வரை, சென்னைக்கு வந்த கப்பல்கள் கரையிலிருந்து தொலைவில் நங்கூரமிட்டு நின்றன. கடல் கொந்தளித்த நாட்களில் கட்டுமரக்காரர்களே கடிதங்களைத் தலையில் அணிந்த நீர்புகாத் தொப்பியில் வைத்து, அலைகளைக் கடந்து கப்பல்களுக்குக் கொண்டு சேர்த்தனர்.

கட்டுமரத்தின் மறைவு

20ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் வெளிப்பொருத்து இயந்திரங்களும் கண்ணாடி நாரிழைப் படகுகளும் பரவின. 2004 டிசம்பர் 26 அன்று தாக்கிய ஆழிப்பேரலை தமிழ்நாட்டில் ஏறத்தாழ 8,000 பேரின் உயிரைப் பறித்ததுடன், பெருமளவில் மரக்கலங்களையும் அழித்தது. மறுவாழ்வு உதவியாக வழங்கப்பட்டவற்றில் நாரிழைப் படகுகளே மிகுதி. இதன் பின்னர் மரத்தாலான கட்டுமரம் பல ஊர்களில் அரிதாகிவிட்டது. இயந்திரப் படகில் வளரும் தலைமுறைக்குத் துடுப்பினால் அலையைக் கடக்கும் பயிற்சி கிடைப்பதில்லை.

தற்கால அலைச்சறுக்கு

மீனவச் சிறுவர்கள் உடைந்த மரப்பலகைகளைக் கொண்டு கரையோர அலைகளில் சறுக்கி விளையாடுவது இக்கரையில் முன்பே வழக்கில் இருந்தது. தற்காலப் பலகைகள் வெளிநாட்டுப் பயணிகள் வழியாகவும், ஆரோவில்லில் வாழ்ந்தோர் வழியாகவும் இங்கு அறிமுகமாயின. கோவளத்தைச் சேர்ந்த மீனவர் மூர்த்தி மேகவன், பயணி ஒருவரின் பலகையை இரவல் பெற்றுப் பழகியவர். அவர் தம் ஊர்ச் சிறுவர்களுக்கும் இவ்விளையாட்டைக் கற்றுக் கொடுத்தார். தொழிலதிபர் அருண் வாசுவின் துணையுடன் 2012இல் கோவளத்தில் அலைச்சறுக்குப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். மது, புகை ஆகியவற்றிலிருந்து விலகி இருப்பதும், பள்ளிக் கல்வியைத் தொடர்வதும் அங்குப் பயிலும் ஊர்ச் சிறுவர்களிடம் வலியுறுத்தப்பட்டன. 2013 முதல் கோவளத்தில் அலைச்சறுக்கு, இசை விழாக்களும் நடத்தப்பட்டன.

பலகையின் வடிவமைப்பு

அலைச்சறுக்குப் பலகையின் உள்ளகம் எடை குறைந்த நுரைப்பொருளால் ஆனது. அதன் மேல் கண்ணாடி நாரிழைத் துணி போர்த்தப்பட்டு, பிசின் பூசி இறுக்கப்படுகிறது. பல பலகைகளில் நடுவே நீளவாக்கில் மெல்லிய மரச்சட்டம் ஒன்று வலுவூட்டுவதற்காகப் பதிக்கப்படுகிறது. மீன்பிடி நாரிழைப் படகுகளும் இதே வகை நாரிழையாலும் பிசினாலும் செய்யப்படுகின்றன. ஆகவே, கட்டுமரத்தை அகற்றிய அதே பொருளே அலைச்சறுக்குப் பலகையையும் உருவாக்கியது எனலாம்.

பலகையின் இயல்பைப் பின்வருவன தீர்மானிக்கின்றன.

- நீளம்: 9 அடியும் அதற்கு மேலும் உள்ளவை நெடும்பலகைகள். இவை சிறிய அலையையும் எளிதில் பிடிக்கும். ஆனால் திருப்புவது கடினம். 6 அடி அளவிலான குறும்பலகைகள் விரைந்து திரும்பும். ஆனால் வலுவான அலை வேண்டும். முழந்தாள் பலகைகள் பொதுவாக 5 முதல் 6 அடி நீளமும், நிற்கும் குறும்பலகையை விட மிகுந்த அகலமும் கொண்டவை.
- வளைவு: முன்முனை மேல்நோக்கி வளைந்திருப்பது, செங்குத்தான அலையில் இறங்கும்போது முனை நீரில் குத்தாமல் தடுக்கிறது. கட்டுமரத்தின் முன்பகுதி உயர்த்தி அமைக்கப்பட்டதும் இதே பயன் கருதியே ஆகும்.
- வால்: அகன்ற வால் வலுக்குறைந்த அலையில் விரைவைத் தருகிறது. குறுகிய வால் பெரிய அலையில் பிடிப்பைத் தருகிறது.
- துடுப்பு: பலகையின் அடியில், பின்பகுதியில் பொருத்தப்படுவது. இது இல்லையேல் பலகை பக்கவாட்டில் வழுக்கிவிடும்.

இன்றைய குறும்பலகையின் வளர்ச்சியில் முழந்தாளிட்டு ஆடியவர்களின் பங்கு பெரியது. கலிபோர்னியாவின் சான்டா பார்பராவைச் சேர்ந்த ஜார்ஜ் கிரீனோ 1960களில், கரண்டி போல் நடுவே குழிந்த, மிகக் குட்டையான முழந்தாள் பலகைகளை உருவாக்கினார். மீன்வாலை ஒத்த, வளைந்து கொடுக்கும் குறுகிய துடுப்பை அவற்றில் பொருத்தினார். நீண்ட பலகையில் நின்று சறுக்கியவர்களால் இயலாத திருப்பங்களை அவர் ஆத்திரேலியாவில் செய்து காட்டினார். அவரது துடுப்பின் வடிவைப் பின்பற்றிய பலகையைக் கொண்டே ஆத்திரேலியரான நாட் யங் 1966இல் சான் டியேகோவில் நடந்த உலகப் போட்டியில் வென்றார். அடுத்த சில ஆண்டுகளில் பலகைகளின் நீளம் விரைவாகக் குறைந்தது. 1967இல் சான் டியேகோவின் ஸ்டீவ் லிஸ் முழந்தாளிட்டு ஆடுவதற்காக வடிவமைத்த, பிளந்த வாலும் இரு துடுப்புகளும் கொண்ட மீன்வாற் பலகை, பின்னர் நின்று சறுக்குவோரிடையேயும் பரவியது. 1981இல் ஆத்திரேலியரான சைமன் ஆண்டர்சன் பரவலாக்கிய மூன்று துடுப்பு அமைப்பே இன்றைய குறும்பலகைகளில் மிகுதியாகக் காணப்படுகிறது.

அலைகளும் பருவமும்

தெற்கு இந்தியப் பெருங்கடலில் எழும் நெடுந்தொலைவு அலைகள் ஏறத்தாழ ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை இக்கரையை ஒழுங்காக வந்தடைகின்றன. கச்சான் எனப்படும் மேல்காற்று காலை வேளைகளில் நிலத்திலிருந்து வீசி அலையின் முகத்தைச் சீராக்குகிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வாடைக் காற்றும் புயல்களும் கடலைக் குலைப்பதால், தொடக்க நிலையினருக்கு அக்காலம் ஏற்றதன்று.

பாக்கு நீரிணைப் பகுதியை இலங்கை மறைத்து நிற்பதால் அங்கு அலைகள் சிறியவை. இதனால் மதுரைக்கு அண்மையில் உள்ள இராமநாதபுரம் மாவட்டத்தின் வடகரை இவ்விளையாட்டுக்கு ஏற்றதாக இல்லை. மேலும் தெற்கே, தூத்துக்குடி மாவட்டத்து மணப்பாட்டின் மணல்முனையில் சறுக்கத்தக்க அலைகள் உள்ளன. இலங்கையின் கிழக்குக் கரையில் பொத்துவிலை அடுத்த அறுகம் குடா உலகப் புகழ் பெற்ற அலைச்சறுக்கு இடமாகும்.

சமூகமும் போட்டிகளும்

இந்திய அலைச்சறுக்குக் கூட்டமைப்பு 2011இல் நிறுவப்பட்டது. 2023 ஆகத்தில் உலக அலைச்சறுக்குக் கழகத்தின் தகுதிநிலைப் போட்டி மாமல்லபுரத்தில் நடந்தது. 2025 ஆகத்தில் அதே ஊரில் நடந்த ஆசிய அலைச்சறுக்குப் போட்டியில், கேரளத்தின் கோவளத்தில் பயின்ற இரமேசு புதிகால் ஆடவர் பிரிவில் வெண்கலப் பதக்கம் வென்றார். மாமல்லபுரத்தைச் சேர்ந்த சிறுமி ஒருவரையும் அவரது தாயையும் பற்றிய கமலி (2019) என்னும் ஆவணக் குறும்படம், மீனவ ஊர்ப் பெண்கள் இவ்விளையாட்டில் நுழைவதைப் பலரும் அறியச் செய்தது.

இப்போட்டிகளில் நின்று சறுக்குதலே முதன்மை பெறுகிறது. ஆயினும் முழந்தாள் நிலைக்குத் தனிப் பயன் ஒன்று உண்டு. பன்னாட்டு அலைச்சறுக்குச் சங்கம் 2015 முதல் நடத்தும் மாற்றுத்திறனாளர் உலகப் போட்டியில் முழந்தாளிட்டு ஆடுவோருக்குத் தனி வகுப்பு உள்ளது. நிற்க இயலாதோரும் அலையின் முகத்தில் சறுக்க இது வழி செய்கிறது.

சிக்கல்கள்

கரை அரிப்பு இச்சமூகம் எதிர்கொள்ளும் முதன்மைச் சிக்கல் ஆகும். சோழமண்டலக் கரையில் மணல் ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர் இந்நகர்வைத் தடுக்கும்போது, தெற்கே மணல் குவிந்து வடக்கே கரை அரிக்கப்படுகிறது. சென்னைத் துறைமுகத்தின் தெற்கே மெரினா அகன்றதும், வடக்கே இராயபுரக் கரை குறைந்ததும் இவ்வாறே நிகழ்ந்தன. 1980களின் இறுதியில் கட்டப்பட்ட புதுச்சேரித் துறைமுகச் சுவர்களுக்கு வடக்கேயும் கரை பெரிதும் அழிந்தது. அரிப்பைத் தடுக்கக் கொட்டப்படும் பாறைகள் படகு ஏற்றும் மணலையும், அலை உடையும் மணல்திட்டுகளையும் ஒருங்கே மாற்றிவிடுகின்றன. எனவே மீனவரின் இறங்குதுறையும் அலைச்சறுக்கு இடமும் இழக்கப்படுவது ஒரே காரணத்தால் ஆகும்.

கரையிலிருந்து கடலுள் இழுக்கும் நீரோட்டங்கள் மற்றோர் இடர். உள்நாட்டு நகரங்களிலிருந்து வருவோர் இவற்றை அறியாமல் இறங்கி உயிரிழப்பது உண்டு. இந்நீரோட்டத்தில் அகப்பட்டவர் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாமல், கரைக்கு இணையாக நீந்தி அதிலிருந்து விலகிய பின்னரே கரை திரும்ப வேண்டும். அலைகளுக்கு இடையே நீரோட்டம் ஓடும் இடத்தைப் பார்வையால் அறிவது கட்டுமரக்காரரின் பழைய அறிவு ஆகும். இன்று அலைச்சறுக்குப் பயிற்சியின் முதற்பாடங்களில் ஒன்றாக அது கற்பிக்கப்படுகிறது.

இவற்றையும் பார்க்கவும்

- கட்டுமரம்
- கோவளம் (செங்கல்பட்டு மாவட்டம்)
- மாமல்லபுரம்
- அறுகம் குடா