வெறியாட்டும் மனவடுவும்

அகத்திணைத் துறைகளுள் வெறியாட்டு என்பதைக் கற்போர் பெரும்பாலும் ஒரு வழக்காற்றுச் செய்தியாகவே கண்டு அமைகின்றனர். களவின்கண் தலைவி உண்ணாள், உறங்காள், மெலிவாள். வாய் திறந்து ஒன்றும் உரையாள். தாய் கட்டும் கழங்கும் பார்ப்பாள். 'முருகு அணங்கிற்று' என்பது விடையாக வரும். மனையில் களம் இழைத்து, மறியறுத்து, வேலன் ஆடுவான். ஐங்குறுநூற்றில் கபிலர் இதற்கென்றே வெறிப்பத்து (241–250) யாத்தார். காமக்கண்ணியார் 'வெறிபாடிய' என்னும் அடைபெற்றதும் இத்துறையாலேயே. நற்றிணை 34-இல் தோழி முருகனையே பேதை எனக் கடிந்துரைக்கும் துணிவு வியக்கத்தக்கது.

நாம் ஈண்டு நோக்குவது வேறொன்று. வெறியாட்டால் தலைவியின் நோய் தணிவதாகப் புலவர் பாடுவதில்லை. தணிப்பது அறத்தொடு நிற்றல். தலைவி தோழிக்கும், தோழி செவிலிக்கும், செவிலி நற்றாய்க்கும், நற்றாய் தந்தை தன்னையர்க்கும் உரைப்பது அதன் முறை. சொல்லவொண்ணாத ஒன்றைச் சொல்லுதற்கு ஒருவர், கேட்டற்கு ஒருவர் எனப் படிப்படியாக அமைத்த ஒழுங்கு அது. தலைவியின் நோய் காமநோய். அதனைப் பிற துயரங்களோடு ஒன்றெனல் பொருந்தாது. ஆயினும், உரைக்கப்படாத துயர் அணங்கின் செயலாகக் கொள்ளப்பட்ட நிலை இரண்டற்கும் பொதுவாகும்.

இந்நிலை நீடித்த நிலப்பகுதி எனத் தென்கடற்கரையைச் சுட்டலாம். உடன்குடிக்குத் தென்மேற்கே, தேரிக்காட்டை அடுத்த இடையன்குடியில் 1841 முதல் வாழ்ந்த கால்டுவெல், இவ்வட்டாரத்துப் பேயாட்டத்தைப் பற்றி 1849-இல் எழுதினார். 1856-இல் வெளிவந்த ஒப்பிலக்கணத்தில் அதனை வட ஆசியப் பூசாரிகளின் ஆட்டத்தோடு ஒப்பிட்டார். ஆடியவரின் அகத்துயர் யாது என்னும் வினா அவர்க்கு எழவில்லை. ஆராய்ச்சியாளர் பலர்க்கும் அது பின்னரும் எழவில்லை என்பதே நம் கருத்து.

உடன்குடியை அடுத்த குலசேகரன்பட்டினத்தில் முத்தாரம்மன் தசரா விழாவில் நேர்த்திக்கடனாகப் பலவகை வேடம் புனைவர். அவற்றுள் பித்தர் வேடமும் ஒன்று. அவ்வேடம் புனைந்து ஊர்தோறும் வருவார்க்கு மக்கள் விருப்புடன் காணிக்கை இடுவர். உண்மையில் மனநோயுற்றாரோ அவ்வீடுகளிலேயே கதவுக்குப்பின் மறைக்கப்படுவதும் உண்டு. இறைவனைப் பித்தன் என விளித்த சுந்தரர் மொழியை ஓதும் நாட்டில், பித்தத்தின் வழிப் பிறந்த பைத்தியம் என்னும் சொல் வசையாகத் தேய்ந்த வரலாறு தனியே ஆராயத்தக்கது.

பேய் பிடித்தது எனக் கருதப்பட்டோர் புளியம்பட்டி அந்தோணியார் கோயிலுக்கும் ஏர்வாடித் தர்காவுக்கும் சமய வேறுபாடின்றிக் கொண்டுசெல்லப்பட்டனர். ஏர்வாடி என்றது நெல்லை மாவட்டத்து ஊரையன்று; இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையூரை. ஆங்குத் தனியார் நடத்திய காப்பகம் ஒன்றில் 2001 ஆகத்து 6-ஆம் நாள் விடியற்போதில் தீப்பற்றிற்று. சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்தமையின் ஓடவியலாது 28 பேர் மாண்டனர். இதற்கு வழிபாட்டின்மேல் பழி சுமத்துவார் உளர். நாம் அதனை ஏற்கவில்லை. 1794-இல் சென்னையில் மனநோயாளர் இல்லம் தோன்றிற்று. 1871-இல் கீழ்ப்பாக்கத்து மருத்துவமனை அமைந்தது. தென்கோடிக் குடும்பங்கட்கோ அவை எட்டாத் தொலைவில் இருந்தன. அருகில் இருந்தது தர்கா. அயலார் நாவுக்கு அஞ்சியோர்க்கு மறைவிடமும் அதுவே. உச்சநீதிமன்றம் இதனைத் தானே வழக்காக எடுத்துக்கொண்டது. 2017-இல் இயற்றப்பெற்ற மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 95-ஆம் பிரிவு, எவ்வகையிலும் சங்கிலியிடலைத் தடுக்கின்றது.

சங்கிலி கண்ணுக்குத் தெரியும். இளமையில் பட்ட காயமோ தெரிவதில்லை. நடுவணரசு 13 மாநிலங்களில் 12,447 சிறார்களிடம் நடத்தி 2007-இல் வெளியிட்ட ஆய்வில், 53.22 விழுக்காட்டினர் ஏதேனும் ஒருவகைப் பாலியல் கொடுமைக்கு ஆளானதாகத் தெரிவித்தனர். அவருள் பெரும்பாலோர் அதனை எவர்க்கும் உரைத்திலர். 2012-இல் சட்டம் வந்தது. ஆனால் சட்டம் கேட்குமுன் செவிலி கேட்டல் வேண்டும். கேளாத வீட்டில் வளர்ந்த பிள்ளையின் நடுக்கமும் ஊமைமையும் பின்னாளில் 'காத்து கருப்பு' எனப் பெயர்பெறுகின்றன.

இதற்குத் தமிழில் வழங்கும் சொல்லையும் நோக்குவோம். யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், போரால் நொந்தோரைக் கருதி எழுதிய தமிழ் நூலுக்கு 'மனவடு' எனப் பெயரிட்டார். வடு என்பது 129-ஆம் குறளில் ஆறாத் தழும்பு. 549-ஆம் குறளில் குற்றம், பழி. பட்ட புண்ணையும் அதனால் வரும் பழியையும் நம் மொழி ஒரே சொல்லில் அடக்கியுள்ளது. புண்பட்டவரே பழியும் சுமக்கும் நிலைக்கு இச்சொல் சான்றாதல் கூடும். கலைச்சொல் தொகுப்போர் 'உளக்காயம்' என்பதை விழையின் அதனையும் மறுப்பதற்கில்லை. காயம் ஆறும், வடு நிற்கும் என்னும் வேறுபாட்டை மருத்துவரோடு இருந்து அவர்கள் தெளிதல் வேண்டும். வெறிப்பாடல்கள் அனைத்தையும் தொகுத்து, தாய் எவ்விடத்து வினவுகின்றாள், எவ்விடத்து வினவாது வேலனை அழைக்கின்றாள் என வகைப்படுத்தும் பணி முதுகலை மாணவர் எவரேனும் மேற்கொள்ளத்தக்கதாய் இன்னும் எஞ்சியுள்ளது.