பெண் முயலின் கருப்பை நீக்கத்திற்குப் பிந்தைய பராமரிப்பு

பெண் முயலின் கருப்பை நீக்கத்திற்குப் பிந்தைய பராமரிப்பு என்பது, வீட்டில் வளர்க்கப்படும் பெண் முயலின் சூலகங்களையும் கருப்பையையும் அறுவைச் சிகிச்சை மூலம் அகற்றிய பின்னர், அது குணமடையும் வரை அளிக்கப்படும் கவனிப்பைக் குறிக்கும். பொதுவாக இக்காலம் 10 முதல் 14 நாட்கள் ஆகும். இதே அறுவை நாய், பூனை ஆகியவற்றிற்கும் செய்யப்படுகின்றது. எனினும் முயலின் செரிமான மண்டலம் இடைவிடாது இயங்க வேண்டிய அமைப்பைக் கொண்டது. ஆகையால் முயலைப் பொறுத்தவரை, காயத்தைக் காட்டிலும் அது உணவு உண்கின்றதா என்பதே முதலில் கவனிக்க வேண்டியதாகும்.

அறுவைக்கான காரணங்கள்

வீட்டு முயல்கள் அனைத்தும் ஐரோப்பிய முயல் என்னும் இனத்தின் வழிவந்தவை. இவ்வினப் பெண் முயல்களிடையே கருப்பைப் புற்றுநோய் மிகுதியாகக் காணப்படுகின்றது. வயது கூடக்கூட இந்நோய்க்கான வாய்ப்பும் உயர்கின்றது. 4 வயதைக் கடந்த பெண் முயல்களில் பாதிக்கும் மேற்பட்டவை இந்நோய்க்கு உள்ளாகியிருந்ததாகச் சில ஆய்வுகள் காட்டியுள்ளன. இப்புற்று நுரையீரலுக்கும் பரவக்கூடியது.

இனப்பெருக்கக் கட்டுப்பாடு மற்றொரு காரணமாகும். முயலின் சினைக்காலம் ஏறத்தாழ 31 நாட்கள் மட்டுமே. இணைசேர்க்கையின் தூண்டலாலேயே கருமுட்டை வெளியாவதால், குட்டி ஈன்ற முயல் மிக விரைவில் மீண்டும் சினையாக இயலும். பொய்ச்சினை, இடத்திற்காகச் சண்டையிடுதல் போன்றவையும் அறுவைக்குப் பின் குறைகின்றன. பெரும்பாலும் 4 முதல் 6 மாத வயதிலிருந்து இவ்வறுவை செய்யப்படுகின்றது.

அறுவை முறை

முயலின் கருப்பை இரண்டு தனித்தனிக் கொம்புகளைக் கொண்டது. ஒவ்வொன்றிற்கும் தனியான கருப்பைக் கழுத்து உண்டு. முயலுக்கு முழு மயக்கம் அளித்து, வயிற்றின் நடுக்கோட்டில் சிறு வெட்டு இட்டு, சூலகங்களும் கருப்பையும் அகற்றப்படுகின்றன. முயல் தையலைக் கடித்து எடுக்கக்கூடும் என்பதால், தானே கரையும் நூலால் தோலின் உட்புறமாகத் தைப்பது வழக்கம்.

முயலால் வாந்தி எடுக்க இயலாது. எனவே, நாய் பூனைகளைப் போல அறுவைக்கு முன் நீண்ட நேரம் பட்டினி இடத் தேவையில்லை. அவ்வாறு பட்டினி இடுவது குடலின் இயக்கத்தைக் குறைத்துத் தீங்கு விளைவிக்கும்.

இடர்கள்

ஐக்கிய இராச்சியத்தில் 2002 முதல் 2004 வரை நடத்தப்பட்டு 2008இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வில், மயக்க மருந்து அளிக்கப்பட்ட முயல்களில் 1.39% இறந்தன. பூனைகளில் இது 0.24%, நாய்களில் 0.17% ஆகும். உடல்நலத்துடன் இருந்த முயல்களை மட்டும் கணக்கிட்டால் இவ்விழுக்காடு 0.73 ஆகக் குறைந்தது. இறந்த முயல்களில் பாதிக்கும் மேற்பட்டவை அறுவையின்போது அன்றி, அதற்குப் பிந்தைய நேரத்திலேயே இறந்தன. அறுவை நன்கு முடிந்த பின்னரும் முயலைத் தொடர்ந்து கண்காணிக்க வேண்டியதன் தேவையை இது உணர்த்துகின்றது.

குடல் இயக்கத் தேக்கம்

முயலின் பெரிய குருட்டுக்குடலில் வாழும் நுண்ணுயிர்கள் நார்ப்பொருளை நொதிக்கச் செய்கின்றன. இதன் விளைவாக உருவாகும் மென்புழுக்கைகளை முயல் தன் மலவாயிலிருந்தே நேரடியாக உண்டு சத்துகளைப் பெறுகின்றது. இவ்வமைப்பு சீராக இயங்க நார்ப்பொருள் தொடர்ந்து உட்செல்ல வேண்டும்.

வலி, அச்சம், மயக்க மருந்தின் விளைவு ஆகியவற்றால் முயல் உண்பதை நிறுத்தினால் குடலின் இயக்கம் மந்தமாகின்றது. உள்ளிருக்கும் உணவு நீரிழந்து இறுகுகின்றது, வாயு சேர்கின்றது, வலி மேலும் கூடுகின்றது. வலி கூடுவதால் முயல் உணவை மேலும் தவிர்க்கின்றது. இச்சுழற்சியே குடல் இயக்கத் தேக்கம் எனப்படும். உரிய நேரத்தில் சிகிச்சை அளிக்காவிடில் முயல் இறக்க நேரிடும்.

முதல் 24 மணி நேரம்

வெப்பம்: முயலின் இயல்பான உடல் வெப்பநிலை ஏறத்தாழ 38.5 முதல் 40 பாகை செல்சியசு வரை ஆகும். மயக்கத்தின்போது இது குறைகின்றது. துணியில் சுற்றிய வெந்நீர்ப் புட்டியைக் கூண்டின் ஒரு பக்கத்தில் வைக்கலாம். முயல் விலகிச் செல்ல மறுபக்கம் இடம் இருக்க வேண்டும். வெப்பமான பகுதிகளில், முயல் முழுமையாக விழித்த பின்னர் அதனைக் காற்றோட்டமுள்ள நிழலில் வைத்தல் வேண்டும்.

உணவு: வீடு திரும்பியவுடன் உலர்புல், நீர், கொத்தமல்லித் தழை, அறுகம்புல் முதலிய பழகிய உணவுகள் அருகில் வைக்கப்படுகின்றன. நோயுற்ற நிலையில் உள்ள முயலுக்குக் குப்பியை விடக் கிண்ணத்தில் நீர் அருந்துவது எளிது. பல முயல்கள் சில மணி நேரத்தில் உண்ணத் தொடங்குகின்றன. உண்ணாத முயலுக்கு, நார்ப்பொருள் மிக்க மீட்பு உணவுத் தூள் நீரில் குழைக்கப்பட்டு, ஊசி நீக்கிய பீச்சுக்குழல் மூலம் முன்பற்களுக்குப் பின்னுள்ள இடைவெளியில் சிறிது சிறிதாக ஊட்டப்படுகின்றது. அளவை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். வயிறு உப்பியிருந்தால் ஊட்டுவதற்கு முன் மருத்துவரிடம் காட்டுவது அவசியம்.

புழுக்கை: புழுக்கைகளின் எண்ணிக்கையும் அளவும் குடல் இயக்கத்தின் நேரடி அடையாளங்கள். முதல் நாளில் அவை சிறியனவாகவும் குறைவாகவும் இருக்கலாம். பின்னர் படிப்படியாக இயல்பு நிலையை அடைய வேண்டும்.

வலியை அறிதல்

முயல் பிற விலங்குகளுக்கு இரையாகும் உயிரினம். எனவே அது வலியை மறைக்கும் இயல்புடையது. 2012இல் வெளியிடப்பட்ட முயல் முகபாவ அளவுகோல், கண் சுருங்குதல், கன்னம் தட்டையாதல், மூக்கின் வடிவம், மீசை மயிரின் நிலை, காதுகளின் நிலை ஆகிய ஐந்தைக் கொண்டு வலியை மதிப்பிடுகின்றது. உடலைக் குறுக்கி அமர்தல், வயிற்றைத் தரையில் அழுத்துதல், உரக்கப் பல் கடித்தல் ஆகியனவும் வலியின் அறிகுறிகள்.

வலிநீக்கத்திற்கு மெலாக்சிகம், புப்ரினார்ஃபின் ஆகியவை பரவலாகப் பயன்படுகின்றன. நாய்க்குரிய அளவைக் கொண்டு முயலுக்குரிய அளவைக் கணிக்க இயலாது. முயல் நன்றாக இருப்பதாகத் தோன்றினாலும் மருத்துவர் கூறிய நாட்கள் முழுவதும் மருந்தைக் கொடுக்க வேண்டும்.

தவிர்க்க வேண்டிய மருந்துகள்

* அமாக்சிசிலின், ஆம்பிசிலின் ஆகியவற்றை வாய்வழியாகக் கொடுத்தல்
* கிளிண்டாமைசின், லின்கோமைசின்
* தெள்ளுப்பூச்சி, உண்ணி ஆகியவற்றிற்காகப் பயன்படுத்தப்படும் பிப்ரோனில்
* மனிதருக்குரிய வலிநீக்கிகளை மருத்துவரைக் கேளாமல் கொடுத்தல்

முதல் இரு வகை மருந்துகளும் குடல் நுண்ணுயிர்களின் சமநிலையைக் குலைத்து, உயிருக்கு ஆபத்தான குடல் நச்சேற்றத்தை உண்டாக்கக்கூடியவை. பிப்ரோனில் முயலுக்கு நஞ்சாகும்.

காயப் பராமரிப்பு

காயத்தை நாளுக்கு இருமுறை பார்வையிடுதல் நன்று. சிறிதளவு சிவப்பும் வீக்கமும் இயல்பானவை. களிம்பு, தூள், கிருமிநாசினி எதனையும் மருத்துவர் கூறாமல் இடலாகாது. முயல் அதனை நக்கி உட்கொள்ளும். குளிப்பாட்டுதலும் கூடாது.

கூம்பு வடிவக் கழுத்துப்பட்டை, முயல் மென்புழுக்கையை உண்பதைத் தடுப்பதுடன் அதற்கு மிகுந்த அச்சத்தையும் தருகின்றது. எனவே தையலைத் தொடர்ந்து கடிக்கும் முயலுக்கு மட்டுமே அது அணிவிக்கப்படுகின்றது. ஈக்கள் காயத்திலோ அழுக்கடைந்த பின்புறத்திலோ முட்டையிட்டால் ஒரு நாளுக்குள் புழுக்கள் வெளிப்படலாம்; ஆகவே இருப்பிடம் தூய்மையாக இருத்தல் வேண்டும்.

இருப்பிடமும் துணையும்

மரத்தூளுக்கு மாற்றாகத் துவைத்த பருத்தித் துண்டுகள் விரிக்கப்படுகின்றன. ஏறுதல், தாவுதல் ஆகியவற்றை 7 முதல் 10 நாட்கள் தவிர்க்க வேண்டும். தூக்கும்போது பின்பகுதியைக் கையால் தாங்குதல் இன்றியமையாதது; உதறும் முயலின் பின்கால் விசையால் அதன் முதுகெலும்பே முறியக்கூடும்.

நெருங்கிப் பழகிய துணை முயலைப் பார்வையும் மணமும் எட்டும் தொலைவில் வைப்பது அச்சத்தைக் குறைக்கும். கருத்தடை செய்யப்படாத ஆண் முயலைக் காயம் ஆறும் வரை பிரித்து வைக்க வேண்டும்.

உடனடி மருத்துவம் தேவைப்படும் அறிகுறிகள்

* 12 மணி நேரமாக எதுவும் உண்ணாமை
* அறுவை முடிந்து 24 மணி நேரத்திற்குள் புழுக்கை இடாமை
* உடல் குளிர்ந்து, அசைவின்றிக் கிடத்தல்
* வயிறு உப்புதல்
* காயம் திறத்தல், குருதி அல்லது சீழ் வடிதல்
* வாயைத் திறந்து மூச்சு விடுதல்

முயலின் சிறுநீர் தாவர நிறமிகளால் செம்மஞ்சள் அல்லது சிவப்பு நிறமாக இருக்கலாம். இது பெரும்பாலும் இயல்பானதே. எனினும் அறுவைக்குப் பின் ஐயம் எழுந்தால், குருதி கலந்துள்ளதா எனச் சோதனை மூலம் உறுதி செய்து கொள்ளுதல் நன்று.

இவற்றையும் பார்க்க

* முயல்
* கால்நடை மருத்துவம்
* மயக்க மருந்து