சார்ஜன்ட் எண்டால் வேலைக்காரன்

ஆமிப் பதவிப்பெயர்களில எங்கட சனத்தின்ர வாயில அதிகம் புழங்கினது கோப்ரலும் சார்ஜன்ட்டும்தான். மேஜர், கேர்ணல் எல்லாம் பேப்பரில வாசிக்கிற பெயர்கள். சென்றியில நிண்டு அடையாள அட்டையைப் பாக்கிறது கோப்ரல். இந்தப் பெயர்களின்ர பூர்வீகத்தைத் தோண்டினால் வெளிய வாறது வர்க்கத்தின்ர கதை.

'சார்ஜன்ட்' பழைய பிரெஞ்சுச் சொல். அதன்ர லத்தீன் வேருக்கு 'சேவகம் செய்பவன்' எண்டு பொருள். மத்தியகால ஐரோப்பாவில் குதிரைவீரப் பிரபுக்களுக்குக் கீழே நிண்டு சண்டை பிடிச்ச, பிரபு அல்லாதவன் அவன். கோப்ரல் இத்தாலியில இருந்து வந்தது. 'தலை' எண்ட சொல்லின்ர வழி. ஒரு சின்னக் குழுவுக்குத் தலைவன், அவ்வளவுதான்.

இவர்கள் இல்லாமல் படை நடக்காது எண்ட நிலையைக் கொண்டுவந்தது துவக்கு. 1607இல் ஒல்லாந்தில் ஜேக்கப் டி ஹெய்ன் வெளியிட்ட பயிற்சி நூலில், மஸ்கட் துவக்கைக் கையாளுறதைக் காட்ட மட்டும் 40க்கு மேற்பட்ட படங்கள் இருக்கு. வயலில இருந்து வந்த பெடியனுக்கு அதை ஒவ்வொரு நாளும் ஆர் சொல்லிக் குடுக்கிறது?

அதிகாரி செய்யமாட்டார். பிரித்தானியப் படையில் அதிகாரியாகிறதுக்கு மன்னரின் ஆணைப்பத்திரம் வேணும். அதுக்குப் பெயர் 'கமிஷன்'. அதைக் காசுக்கு வாங்கலாம். 1821இல் சாதாரண காலாட்படையில் ஆகக் கீழ்ப்பட்ட அதிகாரிப் பதவிக்கு அரசு வைத்த விலை 450 பவுண். லெப்டினன்ட் கேர்ணலுக்கு 4,500. (பீரங்கிப்படையில் இந்த வியாபாரம் இல்லை. கணக்குத் தெரியாதவனை நம்பிப் பீரங்கி வைக்க ஏலாதுதானே.) சார்ஜன்ட்டிட்ட அந்தப் பத்திரம் இல்லை. 'நொன் கமிஷன்ட்' எண்ட பெயரே இல்லாததைச் சொல்லித்தான் அவரை அடையாளம் காட்டுது.

அவரிட்ட இருந்தது ஹால்பேர்ட். ஈட்டியும் கோடரியும் சேர்ந்த நீளத் தடி. 18ஆம் நூற்றாண்டில் எதிரியைக் குத்துறதை விட, பின்னால நிண்டு வரிசையை நேராக்கவும், பின்வாங்கிறவனை முன்னுக்குத் தள்ளவும்தான் அது கூட உதவியது. ரோமப் படையிலயும் 'ஒப்டியோ' எண்டவர் தடியோட பின்னாலதான் நிண்டவர். இன்னொரு பயனும் இருந்தது: ஹால்பேர்ட்டுகளை முக்கோணமாக நட்டு, குற்றம் செய்த சிப்பாயை அதில கட்டித்தான் சவுக்கால அடிச்சவை. தன்ர ஊர்ப் பெடியனைப் போல ஒருவனைக் கட்டுறதுக்குத் தன்ர ஆயுதத்தையே குடுக்கவேண்டிய ஆள் சார்ஜன்ட். சிப்பாய்க்கு ஆகக் கிட்டவும் அவர்தான், ஆகப் பயமும் அவர்தான்.

அமெரிக்கச் சுதந்திரப் போரிலயும் இதே பழக்கம்தான் தொடர்ந்தது. பயிற்சி குடுக்கிறது சார்ஜன்ட்டின் வேலை எண்டு அதிகாரிகள் ஒதுங்கி நிண்டார்கள். 1778இல் வேலி ஃபோர்ஜ் முகாமுக்கு வந்த பிரஷ்யரான ஸ்ரொய்பன் தானே துவக்கைத் தூக்கிச் சொல்லிக் குடுத்தார். அடுத்த வருசம் அவர் எழுதிய விதிநூல் சார்ஜன்ட், கோப்ரலின் கடமைகளைத் தனித்தனியாக வரையறுத்தது.

கிழக்கிந்தியக் கொம்பனி இந்தியாவில் இதையே இன்னொரு படி கீழ இறக்கினது. சார்ஜன்ட்டுக்கு ஹவில்தார், கோப்ரலுக்கு நாயக். எங்கட 'நாயகன்' எண்ட சொல்லின்ர அதே வேர். அதுக்கும் மேல சுபேதார் எண்டு இந்திய அதிகாரி இருந்தார். ஆனால் எவ்வளவு அனுபவம் உள்ள சுபேதாரும், நேற்றுக் கப்பலால் இறங்கிய வெள்ளைக்காரப் பெடியனுக்குக் கீழதான்.

காசுக்குப் பதவி வாங்கிறது பிரித்தானியாவில் 1871இல் நிண்டது. சாப்பாட்டு மண்டபம் ஒண்டாகேல்லை. அங்கயும் சரி, அந்த முறையை எடுத்துக்கொண்ட இலங்கை இராணுவத்திலயும் சரி, அதிகாரிகளுக்கு ஒரு மெஸ், சார்ஜன்ட்மாருக்கு வேற மெஸ்.