கடலில் மறைந்த முன்னோரைத் தேடுதல்

சண்டிலிப்பாய் வயலும் தோட்டமுஞ் சூழ்ந்த ஊர். எனினும் அதன் பெயராலமைந்த பிரதேச செயலகப் பிரிவு, வடக்கே மாதகற் கடற்கரையிற் சென்று முடிகின்றது. இப்பகுதிக் குடும்பங்கள் சிலவற்றிலே, கப்பலேறிப் போய் மீளாத பாட்டன் ஒருவரைப் பற்றிய பேச்சு இன்றும் உண்டு. எந்தக் கப்பல், எந்த ஆண்டு என்று பேரப்பிள்ளை வினவினால், "ரங்கூனுக்குப் போனவர்" என்பதோடு கதை நின்றுவிடும். அவரை ஏடுகளிலே தேடிக் காண இயலுமா?

யாழ்ப்பாணத்துப் புகையிலை திருவிதாங்கூருக்குப் போயிற்று. பர்மாவிலிருந்து அரிசியும் தேக்கும் வந்தன. ஊர்காவற்றுறை, காங்கேசன்துறை, பருத்தித்துறை, வல்வெட்டித்துறை ஆகிய துறைகள் இவ்வாணிகத்தால் வாழ்ந்தன. வல்வெட்டித்துறையிற் கட்டப்பெற்ற 'அன்னபூரணி' அமெரிக்கர் ஒருவரால் வாங்கப்பட்டு, நம்மவர் செலுத்த, 1938ஆம் ஆண்டில் அமெரிக்காவின் குளொஸ்டர் துறையை அடைந்ததை யாவரும் பெருமையுடன் சொல்வர். கரை சேர்ந்த கப்பலுக்குச் சரித்திரம் உண்டு. கரை சேராதவற்றைப் பற்றியே நாம் ஆராய வேண்டியிருக்கின்றது.

முதலில், அவர் ஏறியது எவ்வகைக் கலம் என்று துணிதல் வேண்டும். பிரித்தானியக் கொடி பறந்த நீராவிக் கப்பலாயின் வழி ஓரளவு எளிது. 1854ஆம் ஆண்டின் வணிகக் கப்பற் சட்டமும், பின்வந்த 1894ஆம் ஆண்டுச் சட்டமும், கடலில் ஒருவர் இறந்தால் அதனைக் கப்பற் குறிப்பேட்டிலே பதியுமாறு தலைவனைப் பணித்தன. இறந்தவன் விட்டுச்சென்ற பொருள்களும் எழுதப்பட்டன. அவற்றைப் பாய்மரத்தடியிலே சக மாலுமிகளிடம் ஏலம் விட்டு, அப்பணத்தையும் சம்பள மிச்சத்தையும் கணக்கில் வைப்பது வழக்கம். இரண்டு சட்டை, ஒரு போர்வை, ஒரு தகரப்பெட்டி என்றவாறு வரும் அச்சிறு பட்டியலைப் போல ஒரு மனிதனை நம் கண்முன் நிறுத்தும் ஏடு வேறில்லை என்பது என் கருத்து.

மாலுமிப் பட்டியல்களோ பல இடங்களிற் சிதறிக் கிடக்கின்றன. 1863 முதல் 1938 வரையானவற்றிற் பெரும்பகுதி கனடாவின் நியூபவுண்லாந்திலுள்ள மெமோரியல் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றது. ஐந்தில் முடியும் ஆண்டுகள் பலவற்றுக்குரியவை இலண்டன் கிரீனிச் அருங்காட்சியகத்தில் உள்ளன. 1915ஆம் ஆண்டுப் பட்டியல்களை இன்று இணையத்திலே பெயர் கொண்டு தேடலாம். ஆனால் லஸ்கர் எனப்பட்ட ஆசிய மாலுமிகள் தனி உடன்படிக்கையின்கீழ் அமர்த்தப்பட்டமையால், சில பட்டியல்களில் அவர்தம் பெயர்கள் இடம்பெறவில்லை. பெயர் இருந்தாலும் ஒரு சிக்கல் உண்டு. நமக்குத் தந்தை பெயர் முன்னும் தன் பெயர் பின்னும் வரும். ஆங்கில எழுத்தரோ பின்வருவதைக் குடும்பப் பெயரென்று கொண்டார். ஆகவே இரண்டின்கீழும் தேடுக. வேலுப்பிள்ளை என்பதைக் காதிற் கேட்டவாறெல்லாம் எழுதியிருப்பார்கள்; அத்தனை எழுத்துக்கூட்டலையும் பார்த்தல் வேண்டும்.

போர்க்காலத்து மரணங்களுக்கு நினைவேடுகள் உள. இலண்டன் டவர் ஹில் நினைவுச் சின்னத்திலே இரு உலகப் போர்களிலும் கடலில் மாண்ட வணிகக் கப்பலினர் ஏறத்தாழ 36,000 பேரின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. இந்திய மாலுமிகளை அங்கே தேடுதல் வீண். இரண்டாம் போரில் இறந்த ஏறத்தாழ 6,000 இந்திய வணிகக் கப்பலினரின் பெயர்கள் பம்பாயிலும் சிட்டகொங்கிலும் வைக்கப்பட்ட ஏடுகளில் உள்ளன. இந்தியத் துறைமுகத்தில் வேலைக்கமர்ந்த யாழ்ப்பாணத்தவரை அங்கே தேடிப் பார்க்கலாம்.

நம்மவர் பாய்க்கப்பலிலும் தோணியிலும் போனவர்களுக்கு இத்தகைய ஏடு அரிது. தண்டயலும் ஆட்களும் கலத்தோடு மூழ்கினால் குறிப்பெழுத எவர் எஞ்சுவார்? இலங்கையிலே பிறப்பு இறப்புப் பதிவு 1867ஆம் ஆண்டு தொடங்கிற்று. ஆனால் உடலும் காணாது, நாளும் அறியாதவிடத்துப் பதிவுகாரர் எதனைப் பதிவார்? ஏழாண்டு ஒருவனைப் பற்றி, வழக்கமாக அறியக்கூடியவர்கள் யாதொன்றும் கேள்விப்படாவிடின் அவன் உயிரோடிருப்பதாகச் சொல்பவரே அதனை மெய்ப்பிக்க வேண்டும் என்று 1895ஆம் ஆண்டின் சாட்சியக் கட்டளைச் சட்டம் கூறிற்று. அவ்வேழாண்டும் அவன் மனைவி சுமங்கலியோ கைம்பெண்ணோ என்று ஊரார்க்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. காணியை ஈடு வைக்கவும் பெண்ணுக்குச் சீதனம் எழுதவும் அவள் நீதிமன்றப் படியேற நேர்ந்திருக்கலாம். ஆதலின் மாவட்ட நீதிமன்றத்து மரணசாதன வழக்குகளும் காணியுறுதிகளும் கப்பல் ஏடுகளைவிட நமக்குப் பயன்படக்கூடும். உறுதியிலே கணவன் பெயர் எந்த ஆண்டில் மறைகின்றது என்று பாருங்கள்.

பத்திரிகைகள் மற்றொரு வாயில். 1841இல் தோன்றிய உதயதாரகையும் 1889இல் தோன்றிய இந்துசாதனமும் வடபகுதிச் செய்திகளைத் தாங்கி வந்தவை. 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது பழைய இதழ்களும் சுவடிகளும் சாம்பராயின. எஞ்சியவற்றைக் கொழும்புச் சுவடிகள் திணைக்களத்திலும் பிறநாட்டு நூலகங்களிலும் நாட வேண்டும்.

இத்தனை இதழ்களில் எந்த மாதத்தைப் புரட்டுவது? இதற்கு வீட்டிலேயே ஒரு சான்று உண்டு, அது திதி. இறந்த நாள் தெரியாதவர்க்கு அமாவாசையிலே கடன் செய்யலாம் என்பது வழக்கு. ஆடி அமாவாசையன்று தந்தையர்க்காகக் கீரிமலையில் நீராடுவோர் பலர். அதனால் அந்நாள் நமக்குத் துப்பாகாது. அன்றி, ஐப்பசியிலோ கார்த்திகையிலோ ஒரு குறித்த திதியில் உங்கள் வீட்டிலே படையல் நடந்து வருமாயின், அது கலம் புறப்பட்ட நாளாகவோ செய்தி எட்டிய நாளாகவோ இருத்தல் கூடும். வாடைக்காற்றும் புயலும் கடலைக் கலக்கும் மாதங்கள் அவை. வீட்டிலுள்ள முதியவரிடம் மாதத்தையும் பட்சத்தையும் கேட்டெழுதி, பழைய பஞ்சாங்கத்தோடு ஒப்பிட்டு ஆங்கிலத் தேதியாக மாற்றிக்கொண்டு, அதன்பின் பத்திரிகைக் கட்டை அவிழ்க்கலாம்.